தண்ணீர் லாரியில் என் பெயர்

அவசரப்படாதீர்கள் சார். அந்தப் பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்காருங்கள். ஈரமில்லை, காலையிலிருந்து நான்தான் அதில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டிக்கர் ஒட்டுவது கால் மணி நேர வேலை என்று உள்ளே ஜெயபால் சொல்லியிருப்பான். அவன் முதலாளி, சொல்லுவான். ஏ.சி. ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எழுத்தை வெட்டுகிறவனுக்கு என்ன? ஒட்டுவது கால் மணிதான். ஒட்டுவதற்கு முன்னால் இருக்கிற வேலையைப் பற்றி அவனிடம் யார் கேட்கிறார்கள்?

இங்கே வந்து உங்கள் வண்டிக் கதவைப் பாருங்கள். பழைய ஓனர் பெயரை ஹீட் கன் காட்டி உரித்தாயிற்று. பசையைத் தின்னர் போட்டு எடுத்தாயிற்று. இப்போது கொஞ்சம் சாய்ந்து நின்று பாருங்கள். தெரிகிறதா? 'கந்தசாமி கோழிப்பண்ணை'. வண்டி உங்கள் பெயருக்கு மாறியிருக்கலாம், ஆர்.சி. புக் உங்கள் வீட்டு பீரோவில் இருக்கலாம். கதவில் இன்னும் கந்தசாமிதான் உட்கார்ந்திருக்கிறார்.

இதை நாங்கள் நிழல் என்போம். வெயில் வண்டி பூராவையும் வெளுக்கும், எழுத்துக்கு அடியில் மட்டும் அதனால் நுழைய முடியாது. எழுத்தை உரித்தால் அந்த இடத்தில் பழைய கலர் அப்படியே நிற்கும். மேலே புது ஸ்டிக்கரை ஒட்டினால் மறைந்துவிடாதா என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள். எல்லாரும் கேட்பார்கள். விரலால் தடவிப் பாருங்கள். திருநீறு மாதிரி வருகிறதா? வெளுத்த பெயிண்ட் பெயிண்டே இல்லை சார், வெறும் மாவு. ஸ்டிக்கர் மாவைப் பிடிக்கும், மாவு வண்டியைப் பிடிக்காது. முதல் மழையில் உங்கள் பேக்கரி பெயர் சுருண்டு ரோட்டில் கிடக்கும்.

அதோடு, உங்களுக்கு இதை விற்ற புரோக்கர் ஒரு காரியம் செய்திருக்கிறான். டீசலில் தேங்காய் எண்ணெயைக் கலந்து வண்டி முழுக்கத் துடைத்திருக்கிறான். எஃப்.சி. சோதனைக்குப் போகிற வண்டிகளுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் அலங்காரம். வெளுப்பு, நிழல், கீறல் எல்லாம் ஒரே பளபளப்பில் அமுங்கிவிடும். எண்ணெய் காய்ந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். வாங்கும்போது புது வண்டி மாதிரி இருந்ததா? இருந்திருக்கும்.

அதனால்தான் முதலில் சோப்புத் தண்ணீர், அப்புறம் தின்னர், அப்புறம் இந்த வாட்டர் பேப்பர், ஈர உப்புத்தாள். தண்ணீர் விட்டு விட்டுத் தேய்க்க வேண்டும். பேசிக்கொண்டே தேய்ப்பேன், நீங்கள் கேட்டுக்கொண்டே இருங்கள். வேலை நிற்காது.

ஒரு தடவை ஒரு கிழட்டு லாரியின் கதவைத் தேய்த்தேன். மேலே ஒரு செங்கல் சூளைக்காரர் பெயர். தேய்த்தால் அடியில் ஒரு பால் பண்ணை. அதற்கும் அடியில் சர்க்கஸ் கம்பெனி, சிங்கத்தின் வாலோடு. இன்னும் தேய்த்தால் பட்டாளத்து நம்பர். அதற்கும் கீழே யாரோ ஒரு வெள்ளைக்காரன் கையெழுத்து. ஜெயபால் ஓடி வந்து, "போதுமுங்க, இன்னும் தேய்ச்சா மலைக்கோட்டையில இருந்து திப்பு சுல்தான் எறங்கி வந்துருவாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். நம்பவில்லையா? சரி, சர்க்கஸ் வரைக்கும் நம்புங்கள்.

என் பெயர் அர்த்தனாரி. கேள்விப்பட்டிருப்பீர்களே? இல்லையா? எந்த ஊர் நீங்கள்? அந்தியூரா? அதுதான். இந்தச் சங்ககிரியில் தண்ணீர் லாரி என்றால் அர்த்தனாரி என்று ஒரு காலம் இருந்தது. ரொம்பப் பழைய காலமில்லை, போன வருஷம். அந்தப் பெயரை அழித்தது யார் தெரியுமா? பெற்ற பெண். கேளுங்கள்.

எனக்கு ஒரே மகள், சுகுணா. அவளைக் கட்டியவன் குழந்தைவேலு, லாரி டிரைவர். நல்ல பையன்தான். எதைச் சொன்னாலும் "சரிங்க மாமா" என்பான். அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் அவனுக்குத் தமிழ் தெரியுமா என்றே எனக்குச் சந்தேகம். சுகுணா மில்லில் வேலை பார்த்துச் சேர்த்தது, அவள் நகை, மகளிர் குழுவில் வாங்கின லோன் எல்லாவற்றையும் போட்டு ஒரு பழைய தண்ணீர் லாரியை எடுத்தார்கள். எடுத்தார்கள் என்று ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன். பட்டறை மூலையில் துருப்பிடித்துக் கிடந்ததைப் பார்த்துச் சொன்னது யார்? நான். பணத்தை யார் வேண்டுமானாலும் போடலாம் சார், பேங்க்காரன்கூடத்தான் போடுகிறான். கண் வேண்டாமா?

அந்தத் தொட்டியை ஆளாக்கினது நான். கம்பி பிரஷ் போட்டுத் துருவைக் கொட்டினேன். கொட்டின துருவை அள்ளி வைத்திருந்தால் இன்னொரு லாரி செய்திருக்கலாம். ரெட் ஆக்சைடு அடித்து, பள்ளத்துக்கெல்லாம் பட்டி பார்த்து, நீலம் அடித்து வெயிலில் நிறுத்தினால் ஏரி எழுந்து நின்ற மாதிரி இருந்தது. ஒரு கொக்கு வந்து இறங்கப் பார்த்தது என்றால் நம்ப மாட்டீர்கள்.

என்ன பெயர் போடுவது என்று பேச்சு வந்தது. சுகுணா ஏதோ சொல்ல வாயெடுத்தாள் என்று ஞாபகம். குழந்தைவேலு தலையைச் சொறிந்தான். பூஜைக்கு நேரமாகிறது, பூசாரி எலுமிச்சம்பழத்தோடு நிற்கிறார். நான் ஏற்கெனவே ஜெயபாலிடம் மஞ்சள் ஷீட்டில் வெட்டி வைக்கச் சொல்லியிருந்தேன். கொண்டுவந்து ஒட்டிவிட்டேன். 'அர்த்தனாரி வாட்டர் சப்ளை'. ஒவ்வொரு எழுத்தும் ஆள் உயரம். சரி, முழங்கை உயரம்.

"நல்லாருக்குதுங்க மாமா" என்றான் மாப்பிள்ளை. சுகுணா தொட்டிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். பிடிக்கவில்லை என்றால் அன்றைக்கே சொல்லியிருக்கலாம் இல்லையா? வாயில்லையா அவளுக்கு?

அதற்கப்புறம் என்னை ஊரில் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். டீக்கடைக்குப் போனால் "ஓனர் வந்துட்டாரு, பெஞ்சைத் தொடைங்கப்பா" என்பார்கள். பஸ்ஸில் எழுந்து இடம் தருவார்கள். பெயர் லாரியில் ஊர் சுற்றுகிறதே. கோடையில் தண்ணீர் லாரி ஓனர் என்றால் எம்.எல்.ஏ. மாதிரி சார், கும்பிடு போட்டுக்கொண்டே வருவார்கள். எனக்கு இல்லை என்று சொல்லி வழக்கமில்லை. கோயில் திருவிழாவா, ஒரு லோடு. எவன் வீட்டிலோ வளைகாப்பா, ஒரு லோடு. போனை எடுத்து மாப்பிள்ளையிடம் சொன்னால் போதும், "சரிங்க மாமா". இதில் யாருக்கு என்ன நஷ்டம்? பேர் கிடைக்கிறதில்லையா?

நடுவில் குழந்தைவேலுவுக்கு முதுகில் டிஸ்க் நகர்ந்துவிட்டது. பெல்ட் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்து போன் எடுக்கிற வேலையை அவன் பார்த்தான். சுகுணா ஹெவி லைசென்ஸ் எடுத்து அவளே ஓட்ட ஆரம்பித்தாள். இந்த வட்டாரத்தில் தண்ணீர் லாரி ஓட்டுகிற பொம்பளை அவள் ஒருத்திதான். அதற்கும் நான்தான் காரணம். சின்ன வயசில் அவளைச் சைக்கிளில் ஏற்றித் தள்ளிவிட்டது நான்தானே?

போன கோடையில்தான் வினை. பை-பாஸில் இருக்கிற கல்யாண மண்டபத்தில் ஒரு பெரிய கல்யாணம். காலையில் மோட்டார் புகைந்து போய், சமையலுக்குச் சொட்டுத் தண்ணீர் இல்லை. மேனேஜர் என்னைத் தேடிக்கொண்டு டீக்கடைக்கே வந்துவிட்டார். அத்தனை பேர் முன்னால் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மனசு வெச்சாத்தானுங்க" என்கிறார். நான் போனைப் போட்டேன்.

"மாமா, இது ஆஸ்டல் லோடுங்க. சுகுணா பாதி தூரம் போயிட்டா. அங்க புள்ளைங்களுக்குக் காலைல பரிச்சைங்க."

"ஆஸ்டல் எங்கீங்க ஓடிப் போகுது? வண்டில யாரு பேரு இருக்குதுங்க மாப்பிள்ளை?"

அப்புறம், "சரிங்க மாமா."

சுகுணாவுக்கு அவன் என்ன சொல்லித் திருப்பினானோ, வண்டி மண்டபத்துக்கு வந்துவிட்டது. அவள் வண்டியை விட்டு இறங்கவில்லை. தண்ணீரை விட்டுவிட்டு என்னைப் பார்க்காமல் போய்விட்டாள். நான் அன்றைக்கு முன் வரிசையில், பெண் வீட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மைக்கில் 'தண்ணீர் வள்ளல் அர்த்தனாரி அவர்கள்' என்று சொல்லி மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். அந்த வெயிலில் பொன்னாடைக்குள் வேர்த்து ஊற்றியது. சாயங்காலம் வரை நான் கழற்றவே இல்லை.

ஆஸ்டல் என்றால் நர்சிங் காலேஜ் பெண் பிள்ளைகள் தங்குகிற ஆஸ்டல். அன்றைக்குக் குளிக்கத் தண்ணீர் இல்லை, கக்கூசுக்குத் தண்ணீர் இல்லை, பிள்ளைகள் அழுதுகொண்டே பரீட்சைக்குப் போனார்களாம். ஒரு நாள் குளிக்காவிட்டால் என்ன சார் ஆகிவிடும்? நானெல்லாம் ஒரு ஐப்பசி மாசம் பூராவும் குளிக்காமல் இருந்தேன், உடம்பில் ஒரு கொசு உட்காரவில்லை. அந்த வார்டன் அம்மா இருக்கிறாரே, அவர் கேட்டை மூடிவிட்டார். "அர்த்தனாரி வண்டி இனிமே இந்த கேட்டுக்குள்ள வரக் கூடாது. வர்றேன்னு சொல்லிட்டு வராத வண்டி எனக்கு எதுக்கு?" என்றாராம்.

சுகுணா அன்றைக்குச் சாயங்காலம் இங்கே வந்தாள். இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில்தான் நின்றாள்.

"அப்பா, அந்த ஆஸ்டலை நம்பித்தான் வண்டி ஓடுது. அது இல்லைன்னா டியூ கட்ட முடியாது. வண்டியை வித்துப் போட்டு நான் மறுபடி மில்லுக்குத்தான் போகோணும். இவரு முதுகை வெச்சுக்கிட்டு எங்கயும் வேலைக்குப் போக முடியாது."

"நான் வேண்ணா அந்த வார்டன்கிட்ட வந்து ரெண்டு வார்த்தை பேசட்டுமா கண்ணு? பொன்னாடையப் போட்டுக்கிட்டு வர்றேன்."

"வேண்டாம்ப்பா. நீங்க வரவே வேண்டாம்."

அப்படிச் சொல்லிவிட்டாள். அப்பன் பேசினால் காரியம் நடக்குமே என்று நினைக்கவில்லை. அவளே போய் அந்த கேட்டில் நின்றிருக்கிறாள். திருப்பி அனுப்ப அனுப்பப் போய் நின்றிருக்கிறாள். கடைசியில் வார்டன் இறங்கி வந்திருக்கிறார். "உன் பேர்ல வண்டி வரட்டும். அந்தப் பெரியவர் இதுல இருக்கக் கூடாது. ஒரு மாசம் பார்க்கறேன், ஒழுங்கா வந்தா அப்புறம் உனக்கே தர்றேன்." பெரியவர் என்றால் நான். நான் என்ன சாராயமா காய்ச்சினேன்? தண்ணீர் கொடுத்தவன் சார் நான்.

மறு வாரம் லாரி இங்கே வந்து நின்றது. என் பெயரை எடுத்துவிட்டு 'சுகுணா வாட்டர் சப்ளை' என்று ஒட்ட வேண்டும். மாப்பிள்ளையும் கூட வந்திருந்தான், என் முகத்தைப் பார்க்காமல் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுகுணாதான் பேசினாள்.

"அப்பா, உங்களுக்குக் கஷ்டமா இருந்தா சொல்லிருங்க. வேற பட்டறைக்குக் கொண்டு போறேன்."

"எனக்கென்ன கஷ்டம்? வேலைன்னா வேலை. நிறுத்திட்டுப் போ."

உரித்தேன். என் கையாலேயே உரித்தேன் சார். ஹீட் கன்னைக் காட்டிக் காட்டி ஒவ்வொரு எழுத்தாக இழுத்தால், முதல் எழுத்து முழுசாக வந்து என் முழங்கையைச் சுற்றி ஒட்டிக்கொண்டது. உதறினாலும் போகவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பசையைத் துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்க்கிறேன். தொட்டி பூராவும் வெளுத்த நீலம். அதற்குள்ளே கரு நீலத்தில், பூஜை போட்ட அன்றைக்கு இருந்த அதே நீலத்தில், அர்த்தனாரி. மஞ்சளில் இருந்ததைவிட அழகாக இருந்தது. அந்தப் பெயருக்கு வண்டியை விட்டுப் போக மனசில்லை. நானா சார் பிடித்து வைத்தேன்?

தேய்க்க வேண்டும். தெரியும். பேப்பரை எடுத்தேன், தண்ணீரும் எடுத்தேன். கை ஓடவில்லை. வயசாகிறதல்லவா, தோள்பட்டை ஒரு பக்கம் பிடித்துக்கொள்கிறது. பக்கத்தில் டீசல் கேன் இருந்தது. தேங்காய் எண்ணெய் ஜெயபால் மேஜையில் எப்போதும் இருக்கும், அவன் தலைக்குத் தேய்க்கிறது. துணியை நனைத்து ஒரு இழுப்பு. நிழல் அமுங்கிவிட்டது. அப்புறம் காய்ந்த துணியால் பிசுபிசுப்புத் தெரியாமல் ஒரு இழுப்பு. இதில் ஏமாற்று என்ன இருக்கிறது? பெயரை எடு என்றார்கள், பெயர் தெரியாமல் போய்விட்டது. தெரியாமல் போகிற வரைக்கும்தான் வேலை. அதற்கு மேல் அது வெயிலுக்கும் வண்டிக்கும் இருக்கிற விவகாரம்.

ஜெயபால் வெள்ளை எழுத்தோடு வந்தான். "தொட்டி சுத்தமாயிருச்சுங்களா?" என்றான். "கண்ணாடி" என்றேன். இத்தனை வருஷத்தில் நான் துடைத்ததை அவன் ஒரு நாளும் திரும்பத் துடைத்துப் பார்த்ததில்லை. ஒட்டினான். பிளாஸ்டிக் கட்டையால் அழுத்தி அழுத்தி நீவினான். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் சுகுணா வந்து பார்த்தாள். எழுத்தின் மேல் கையை வைத்துத் தடவிப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்கப்பா. கறி எடுத்திருக்கறேன், வீட்டுக்கு வாங்க" என்றாள். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. போனேன். நல்ல குழம்பு. மாப்பிள்ளை எழுந்து எனக்கு அவனே பரிமாறினான். "இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்குங்க மாமா." வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு அங்கேயே படுத்துத் தூங்கினேன். நிம்மதியான தூக்கம்.

பேப்பர் மழுங்கிவிட்டது, வேறு எடுக்கிறேன். கந்தசாமியைப் பாருங்கள், 'கந்த' போய்விட்டது. 'சாமி' மட்டும் நிற்கிறது. சாமி நிற்கட்டுமா? சிரிக்காதீர்கள் சார், தேய்க்கிறேன்.

வார்டன் சொன்ன மாசம் முடிகிற சமயம். ஆஸ்டல் வாசலில் நடந்ததற்கு நான் சாட்சியில்லை, ஆனால் இருந்தவர்கள் பத்துப் பேர் வந்து எனக்குச் சொல்லிவிட்டார்கள். சித்திரை வெயில். தண்ணீர் லாரி, மேலெல்லாம் எப்போதும் ஈரம். எழுத்துகள் ஓரத்தில் நிமிர ஆரம்பித்திருக்கின்றன, வத்தல் காய்கிற மாதிரி. சுகுணா ஓட்டுகிறவள், அவள் எங்கே தொட்டியைப் பார்க்கப் போகிறாள்? வண்டி ஆஸ்டல் கேட்டில் போய் நின்ற இடத்தில், காற்று ஒன்று அடித்ததாம். 'சுகுணா' அப்படியே கழன்று தொங்கிவிட்டது. உள்ளே இருந்து அர்த்தனாரி. பௌர்ணமி மாதிரி எழுந்தேனாம் சார். பிள்ளைகள் பக்கெட்டோடு நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார்கள்.

வார்டன் சத்தம் போடவில்லையாம். "ஏம்மா, பேரு மாத்திட்டேன்னு சொன்னே. உள்ள இன்னும் அவர்தான் இருக்காரு போல" என்றிருக்கிறார். "நாளை மறுநாள் காலைல வண்டி வரும்போது இது யாரு வண்டின்னு எனக்குத் தெரியணும். இல்லைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்." கேட்டை மூடிவிட்டார்.

லோடு இறக்காமல் சுகுணா நேரே இங்கே வந்தாள். தளும்பத் தளும்பத் தண்ணீரோடு லாரி உள்ளே நுழைகிறது, நான் டீ குடித்துக்கொண்டிருக்கிறேன். இறங்கினாள். தொங்கிக்கொண்டிருந்த எழுத்தைப் பிய்த்தாள். இடுப்பில் செருகியிருந்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து அந்த இடத்தைத் துடைத்தாள். கைக்குட்டை பழுப்பாக வந்தது.

"என்னப்பா இது?"

"வெயில் கண்ணு. பழைய பெயிண்ட்டு, வெயிலுக்கு எண்ணெய் கக்கும்."

மோந்து பார்த்தாள். "டீசல் கக்குமாப்பா?"

ஜெயபால் வாசல் வரைக்கும் வந்தவன், முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் அந்தக் கைக்குட்டையை நாலாக மடித்து என் கையில் வைத்தாள். மடித்து, பத்திரமாக, பிரசாதம் கொடுக்கிற மாதிரி. திட்டியிருக்கலாம். நாலு பேர் முன்னால் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போயிருக்கும். அப்படி விடவில்லை அவள். கல்நெஞ்சக்காரி.

உள்ளே போனாள். வாட்டர் பேப்பர் கட்டு முழுவதையும் எடுத்து வந்தாள். தொட்டியின் வால்வைத் திறந்து பக்கெட்டில் தண்ணீர் பிடித்தாள். ஆஸ்டலுக்குப் போக வேண்டிய தண்ணீர். ஏணியைச் சாய்த்து ஏறினாள். தேய்க்க ஆரம்பித்தாள்.

"விடு சுகுணா, நான் ஆளை விட்டுத் தேய்க்கச் சொல்றேன்" என்றான் ஜெயபால்.

"வேண்டாங்கண்ணா. இது எங்க வீட்டு வேலை."

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை சார். கீழே நின்று சொன்னேன். வட்டமாகத் தேய்க்காதே, நேராகத் தேய் என்றேன். நேராகத் தேய்த்தாள். தண்ணீர் போதாது என்றேன். தண்ணீர் விட்டாள். சொன்னதையெல்லாம் செய்தாள், ஆனால் என் பக்கம் திரும்பவில்லை. ரேடியோ சொல்கிறதைக் கேட்டு யாராவது திரும்பிப் பார்ப்பார்களா? அந்த மாதிரி. ஏணியிலிருந்து நீலத் தண்ணீராக ஒழுகி என் கால் வரைக்கும் வந்தது. என் பெயர் சார் அது, கரைந்து வருகிறது, நான் செருப்பில்லாமல் அதில் நிற்கிறேன்.

நிழலை எடுக்க அவ்வளவு ஆழம் போக வேண்டியதில்லை. மேல் பெயிண்ட் சமமானால் போதும். அவள் நிறுத்தவில்லை. நீலம் போய், ரெட் ஆக்சைடு போய், நான் பார்த்து வைத்த பட்டி போய், வெறும் தகரம் பளபளக்கிற வரைக்கும் போனாள். விரல் நுனியெல்லாம் சிவந்து தோல் உரிந்துவிட்டது.

குழந்தைவேலு முதுகில் பெல்ட்டோடு ஒரு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தான். நான் அவனிடம் ஓடினேன்.

"மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க. தகரம் வரைக்கும் தேய்க்கறா. எதுக்கு இவ்வளவு?"

அவன் ஏணியைப் பார்த்தபடியே, "தேய்க்கட்டுங்க" என்றான்.

மாமா என்கிற வார்த்தை வரவில்லை. காத்திருந்து பார்த்தேன். வரவில்லை.

எனக்கு அப்போதுதான் கோபம் வந்தது. மேலே பார்த்துக் கேட்டுவிட்டேன். "ஏன் கண்ணு, அப்பன் பேருதானே அது? வேத்து ஆள் பேரா?"

அப்போது மட்டும் நிறுத்தினாள். முழங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டாள். "உங்க பேரு என் இனிஷியல்ல இருக்குதுப்பா. லைசென்ஸ்ல இருக்குது, சர்ட்டிபிகேட்ல இருக்குது. சாகிற வரைக்கும் நான் அதைத் தூக்கிட்டுத்தானே போகோணும். வண்டியாவது தனியாப் போகட்டும்."

எப்படிப் பேச்சு பார்த்தீர்களா? பெற்று வளர்த்தவனைச் சுமை என்கிறாள். அத்தனை பேர் நிற்கிறார்கள், ஒருத்தர்கூட "அப்படிச் சொல்லாதே அம்மிணி" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜெயபால் சொல்லவில்லை. எத்தனை கோடையில் நான் தண்ணீர் கொடுத்த டீக்கடைக்காரன் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தான், அவனும் சொல்லவில்லை.

மறுநாள் பிரைமர் அடித்துப் புது நீலம் அடித்தார்கள். அவளே நின்று பார்த்துக்கொண்டாள். என்னைக் கிட்டே விடவில்லை. விடவில்லை என்றால் தள்ளிவிட்டாள் என்று இல்லை; நான் துணியை எடுத்தால், "நீங்க உட்காருங்கப்பா" என்பாள். அவ்வளவுதான். மூன்றாவது தடவை நானே உட்கார்ந்துவிட்டேன். ஜெயபால், "சுகுணான்னு வெட்டட்டுமா?" என்று கேட்டான். "பேரே வேண்டாங்கண்ணா. குடிநீர்னு மட்டும் போடுங்க, கீழ போன் நம்பர். போதும்." குடிநீர். பெயரில்லாத வண்டி சார், அனாதை மாதிரி.

ஆஸ்டல் லோடு அவளுக்கே கிடைத்துவிட்டது. இன்னொரு லாரிகூட எடுக்கப் போகிறார்கள் என்று கேள்வி. என்னிடம் யாரும் சொல்லவில்லை, டீக்கடையில் கேட்டது. டீக்கடையில் இப்போது பெஞ்சை யாரும் துடைப்பதில்லை. அதை விடுங்கள். சுகுணா பேசுவதில்லை என்று நினைக்காதீர்கள், பேசுகிறாள். தீபாவளிக்கு வேட்டி துண்டு வந்தது. மாத்திரை தீர்ந்தால் வாங்கி அனுப்புகிறாள். போன வாரம் பழக்கதோஷத்தில் போனைப் போட்டு, நம்ம வாத்தியார் வீட்டுக்கு ஒரு லோடு வேண்டுமாம் கண்ணு என்றேன். "புக்கிங்னா காலைல ஏழு மணிக்கு மேல கூப்பிடச் சொல்லுங்கப்பா" என்றாள். எல்லா ஜனங்களுக்கும் சொல்கிற அதே குரல். மரியாதையான குரல்தான். அதுதான் சார் தாங்க முடியவில்லை.

இந்தாருங்கள், உங்கள் கதவு முடிந்தது. கந்தசாமி இறங்கிவிட்டார், கோழியும் இறங்கிவிட்டது. கையால் தொடாதீர்கள், விரலில் எண்ணெய் இருக்கும். ஜெயபாலைக் கூப்பிடுகிறேன், இருங்கள். இவனும் இப்போதெல்லாம் நான் துடைத்ததை இன்னொரு தடவை துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஒட்டுகிறான். உங்கள் முன்னாலும் துடைப்பான், பாருங்கள்.

நேற்று எதிர்ப் பக்கத்து பெட்ரோல் பங்க்கில் சுகுணா டீசல் போட நின்றிருந்தாள். வெயில் சாய்கிற நேரம், பழைய பெயரின் நிழல் இருந்தால் அப்போதுதான் தெரியும். நான் ரோட்டைத் தாண்டிப் போய்த் தொட்டியின் பக்கவாட்டில் நின்றேன். இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தேன், அந்தப் பக்கம் குனிந்து பார்த்தேன். முதல் எழுத்து இருந்த இடம் எனக்கு அத்துப்படி, விரலை வைத்து மெதுவாக இழுத்துப் பார்த்தேன். கண்ணாடியில் அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். டீசல் போட்டு முடித்தாயிற்று, பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடிக்கிறது, ஆனாலும் அவள் வண்டியை எடுக்கவில்லை. நான் கையை எடுக்கிற வரைக்கும் காத்திருந்துவிட்டு அப்புறம்தான் எடுத்தாள்.

ஒரு பிசிறு இல்லை சார். நானே செய்திருந்தால்கூட எங்காவது ஒரு எழுத்தின் கால் தெரிந்திருக்கும்.